திருப்புளியைக் கடித்த வியாழக்கிழமை

அந்தச் சத்தத்தை என்னால் அப்படியே வாயால் போட முடியும். ஆனால் தனியாக இருக்க வேண்டும்.

கூட்டேரிப்பட்டைத் தாண்டி ஆள் நடமாட்டம் குறைந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டு நானும் காரும் சேர்ந்து போடுவோம். முதலில் தொண்டையைச் செருமுவது போல ஒரு ‘கிர்ர்’. வேகம் கூடக் கூட அது இழுபட்டு ‘கிர்ர்ரீங்’ என்று மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் ‘சிக், சிக்’ என்று இரண்டு விக்கல். பிறகு மறுபடியும் அடியிலிருந்து. பத்து நாள் பழக்கத்தில் எது கார், எது நான் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டேன். பின் சீட்டில் யாராவது ஏறி உட்கார்ந்தால் போதும், என் வாய் ஒட்டிக்கொள்ளும். கார் மட்டும் போடும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பத்தாவது முடித்துவிட்டு டிரைவிங் பழகி, திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம், வைத்திருந்த ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லாரும் அவரை நயினார் என்பார்கள். எங்கள் பக்கத்துச் சமணர்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவது. நானும் நயினார் என்றுதான் கூப்பிட்டேன், கூப்பிட வேண்டி வந்த சில நேரங்களில்.

அவரிடம் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் மூன்று மாதம் டாக்ஸி ஸ்டாண்டில் இருந்தேன். அந்தத் தொழிலில் வண்டி ஓட்டுவது பாதிதான். மீதிப் பாதி வாய். பஸ் வந்து நின்றதும் ஓடிப்போய், “செஞ்சி, செஞ்சி, மேல்மலையனூர், ஏறுங்க சார்” என்று கத்த வேண்டும். பெட்டியைப் பிடுங்க வேண்டும். எனக்குக் கத்த வரவில்லை. காருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஒருநாள் குடும்பமாக வந்த ஒருவர் என்னிடமே, “இந்த வண்டி டிரைவர் எங்கப்பா?” என்று கேட்டார். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்ததில் எனக்கு என்ன ஆனதோ, “டீ குடிக்கப் போயிருக்காருங்க” என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வேறு வண்டியில் போனார்கள்.

நயினாரிடம் அந்தத் தொல்லை கிடையாது. அவரும் பேசமாட்டார். காலையில் வந்து பின் சீட்டில் இடது பக்கம் உட்காருவார். “போலாம்” என்பார். போய்ச் சேர்ந்ததும் “நிறுத்து” என்பார். சில நாட்கள் எங்களுக்குள் அந்த இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு அவர் சாப்பிடமாட்டார் என்பதால், எங்கே போனாலும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தாக வேண்டும். நான் அவரிடம் இருந்த நாலு வருஷத்தில் ஹெட்லைட் பல்பு ஒரு தடவைகூட மாற்றவில்லை. கூச்ச சுபாவமுள்ளவனுக்கு இப்படி ஒரு வேலை அமைவது லேசில்லை. அதை விட்டால் எனக்கு ஸ்டாண்டுதான்.

சத்தம் ஆரம்பித்த பத்தாம் நாள், மயிலத்திலிருந்து திரும்பும்போது, பின் சீட்டிலிருந்து மூன்றாவதாக ஒரு பேச்சு வந்தது.

“அது இன்னா சத்தம்?”

“தெரியலீங்க.”

“நாளைக்கு விழுப்புரம் போலாம். பாய்கிட்ட காட்டிடலாம்.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விழுப்புரத்தில் திருச்சி ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது பாயின் ஒர்க்ஷாப். நயினார் காரை வாங்கிய நாளிலிருந்து அவர் கைதான் அதில் பட்டிருக்கிறது. பாய்க்கு அறுபது இருக்கும். சின்ன வயசில் காதில் சீழ் பிடித்து இரண்டு காதும் மந்தமாகிவிட்டது. பக்கத்தில் போய்க் கத்தினால் கேட்கும். காது கேட்காத ஒருவர் இன்ஜின் சத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்கலாம். அதில்தான் அவர் பேர் வாங்கியிருந்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு திருப்புளி, அதாவது ஸ்க்ரூ டிரைவர், வைத்திருந்தார், மரப்பிடி போட்டது. ஓடுகிற இன்ஜின் மேல் அதன் முனையை ஊன்றி, மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். சத்தம் பல் வழியாக மண்டைக்குள் ஏறும். காதுள்ள மெக்கானிக்குகள் நாலு பேர் கைவிட்ட வண்டியையெல்லாம் அவர் அப்படிக் கடித்தே கண்டுபிடித்திருக்கிறார்.

கடிப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. வண்டி கொண்டுவந்தவர் அந்தச் சத்தத்தை வாயால் போட்டுக் காட்ட வேண்டும். பாய் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். உதடு குவிகிறதா, பல் தெரிகிறதா என்பதை வைத்தே அவருக்குப் பாதி விளங்கிவிடும். ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அங்கே ஆட்டுக்குட்டி போலக் கத்தியதை நான் பார்த்திருக்கிறேன். உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு லாரி முதலாளி சத்தம் மட்டும் போதாது என்று இடுப்பையும் ஆட்டிக் காட்டினார். எதிரில் டீக்கடை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் டீ குடிக்க வந்தவர்களா இதைப் பார்க்க வந்தவர்களா என்று சொல்ல முடியாது.

“போடு,” என்றார் பாய் என்னிடம்.

நான் டீக்கடையைப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர். எல்லாரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“ஒரு மாதிரியா வருது பாய்.”

“ஒரு மாதிரின்னா? கோழி மாதிரியா, கொழாயில காத்து வர்ற மாதிரியா?”

“ரெண்டும் இல்ல. வேற மாதிரி.”

“அந்த வேற மாதிரியத்தாம்ப்பா கேக்கறேன். வாயத் தொற.”

திறந்தேன். காற்று வந்தது. பக்கத்துக் கொட்டகையில் கார் கதவு தட்டிக்கொண்டிருந்த டிங்கர், சுத்தியலோடு வந்து நின்றுகொண்டார். “பாய், பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட பாட்டுப் பாடச் சொன்ன மாதிரி வெக்கப்படறாம்பா,” என்றார்.

கடைசியில் நயினாரே காரை விட்டு இறங்கி வந்தார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, “கொர்,” என்றார் ஒரு தடவை.

பாய் அவரை அக்கறையோடு பார்த்தார். “நயினார், அது உங்களுக்குச் சளி.”

இனி எங்களை நம்பிப் பயனில்லை என்று பாய் திருப்புளியை எடுத்தார். அவர் வாயைத் திறந்தபோதுதான் கவனித்தேன். போன தடவை பார்த்தபோது இருந்த வெற்றிலைக் கறைப் பற்கள் இல்லை. வெள்ளை வெளேரென்று முத்துக் கோர்த்தது போல ஒரு வரிசை. போன மாசம் மகள் நிக்காஹ்வுக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்று அவர் வீட்டம்மா பிடிவாதம் பிடித்து, மிச்சமிருந்ததையும் எடுத்துவிட்டுப் புதுப் பல்செட் கட்டிவிட்டதாக டிங்கர் சொன்னார்.

டிங்கர் ஆக்சிலேட்டரை மிதிக்க, பாய் கடித்தார். கண்ணை மூடினார். அவர் முகம் மாறியது. இன்னொரு இடத்தில் ஊன்றிக் கடித்தார். இன்னும் மாறியது. எனக்கும் பக்கத்திலிருந்து ‘கடகடகட’ என்று மோசமாக ஒன்று கேட்டது. திருப்புளியை எடுத்துவிட்டு, இறந்த வீட்டில் பேசுவது போல மெதுவாகச் சொன்னார்.

“மெயின் பேரிங் போச்சு. இன்ஜின எறக்கணும் நயினார். ஒரு மாசம் பேஜாருதான்.”

ஒர்க்ஷாப்பில் ஏற்கெனவே ஐந்து கார்கள் இன்ஜினை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றன. எல்லாவற்றுக்கும் மெயின் பேரிங்தானாம். “இந்த மாசம் எல்லா வண்டிக்கும் இதே வியாதி,” என்றார் பாய்.

திரும்பி வரும்போது விக்கிரவாண்டி வரைக்கும் நயினார் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் பேசினார். நாலு வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“மண்டி நேரத்துல ஒரு மாசம் வண்டி இல்லாம என்ன பண்றது. பொம்மையார்பாளையத்துல லாட்ஜு வச்சிருக்கறவர் ஒருத்தர் இந்த வண்டியக் கேட்டுக்கினே இருந்தாரு. ட்ரங்க் கால் போட்டு வெள்ளிக்கிழமை வரச் சொல்றேன். இருக்கற கோளாறச் சொல்லியே குடுத்துடலாம். எனக்கு இனிமே பஸ்ஸே போதும்.” கொஞ்சம் நிறுத்தி, அன்பாகவே சொன்னார்: “நீ கவலப்படாத. ஸ்டாண்டுல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஒரு டாக்ஸி ஏற்பாடு பண்ணித் தர்றேன்.”

எனக்கு ஸ்டாண்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. செஞ்சி, செஞ்சி, ஏறுங்க சார்.

வண்டி கிர்ர்ரீங் என்றது. சிக், சிக் என்றது. அதைக் கேட்டுக்கொண்டே வந்தபோதுதான் உறைத்தது. பாய் கடித்தபோது எனக்குக் கேட்டது ‘கடகட’. இந்தக் காரில் எங்கே இருக்கிறது கடகட? பத்து நாளாக நானும் இதுவும் சேர்ந்து பாடுகிறோம், ஒரு நாளும் கடகட வந்ததில்லை. நினைத்துப் பார்த்தேன். பாய் திருப்புளியைக் கடித்ததும் கடகட ஆரம்பித்தது. வாயை எடுத்ததும் நின்றது. அப்போதும் டிங்கர் கால் ஆக்சிலேட்டரில்தான் இருந்தது. இன்ஜின் நிற்கவில்லை. நின்றது பல்.

இன்ஜின் அதிர்வில் பாயின் பல்செட் மேலும் கீழும் அடித்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் அவர் மண்டைக்குள் கேட்டு மெயின் பேரிங் என்கிறார். ஒரு மாசமாக வந்த வண்டிகளுக்கெல்லாம் அதே வியாதி வந்ததற்கும் காரணம் இதுதான்.

“நயினாருங்க,” என்றேன்.

“ம்?”

கண்ணாடியில் அவர் கண்கள் என்னைப் பார்த்தன. இவ்வளவு பெரிய மெக்கானிக்கின் வாயைப் பற்றி நான் எப்படிச் சொல்வது?

“ஒண்ணுமில்லீங்க.”

புதன்கிழமை முழுக்க நயினார் சொன்னபடி காரைக் கழுவித் துடைத்தேன். விற்பதற்குத் துடைப்பது வேறு மாதிரித் துடைப்பு. வியாழக்கிழமை காலையில் விழுப்புரத்தில் ஒரு எண்ணெய்ச் செக்குக்காரருக்குச் சாம்பிள் மூட்டை கொடுத்துவிட்டு வரச் சொல்லி நயினார் என்னைத் தனியாக அனுப்பினார். மூட்டையை இறக்கிவிட்டு, நேராக வேப்பமரத்தடிக்குப் போனேன்.

போய் என்ன. பாயிடம் ஒன்றைச் சொல்வதென்றால் கத்த வேண்டும். “உங்க பல்லுதான் ஆடுது” என்று நான் கத்தினால் முதலில் டீக்கடைக்குக் கேட்கும், அப்புறம்தான் பாய்க்கு. நான் மூன்று டீ குடித்தேன். மூன்று தடவை சாலையைத் தாண்டிப் போய், மூன்று தடவை திரும்பி வந்தேன். டீக்கடைக்காரர், “இன்னாப்பா, ஏதாவது வேண்டுதலா?” என்றார்.

அப்புறம் அந்த ஐந்து கார்களில் ஒன்றின் முன் கண்ணாடியைப் பார்த்தேன். தூசி ஒரு விரல்கடை படிந்திருந்தது. பாயிடம் கத்த முடியாதவர்கள் அந்தத் தூசியில் விரலால் எழுதிக் காட்டுவது வழக்கம். ‘பிரேக் இழுக்குது’, ‘கிளட்ச் வழுக்குது’ என்று யார் யாரோ எழுதியது இன்னும் அழியாமல் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தை மட்டும்தான் வாத்தியார்கள் புகழ்ந்திருக்கிறார்கள். ஓரத்தில் இடம் பார்த்து, மணி மணியாக எழுதினேன்:

‘பாய் அவர்களுக்கு. கடகட சத்தம் வண்டியில் இல்லை. தங்கள் புதுப் பல்லில் இருந்து வருகிறது. மன்னிக்கவும்.’

பாயின் சட்டையைத் தொட்டுக் கூப்பிட்டு, கண்ணாடியைக் காட்டினேன். பாய் குனிந்து பார்த்தார். பின்னால் நகர்ந்து பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். தலையைத் தடவினார். மூக்குக் கண்ணாடியைக் காணோம். நான் விழுந்தடித்துத் தேடினேன், எங்கேயும் இல்லை. அதற்குள் பாய் திரும்பி, கொட்டகையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“டேய் டிங்கர். ஜல்தி வா. இந்தப் புள்ள இன்னாவோ எழுதியிருக்குது. படிச்சிச் சொல்லு.”

நான் தூசியை அழிக்கப் போனேன். டிங்கர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் மனசுக்குள் படித்தார். அவர் முகம் விரிந்ததைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று தெரிந்துகொண்டேன். கதவு தட்டித் தட்டி அவருக்கும் காது கொஞ்சம் மந்தம், அதனால் அவர் சாதாரணமாகப் பேசினாலே பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்கும். பாயின் காதில் வாயை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, ‘மன்னிக்கவும்’ வரைக்கும் படித்தார்.

டீக்கடையில் ஒரு கிளாஸ் கீழே விழுந்தது.

பாய் என்னைப் பார்த்தார். எனக்கு வேப்பமரத்தில் ஏறிவிடலாம் போலிருந்தது. அவர் நேராகப் போய், பக்கத்தில் இன்ஜின் ஓடியபடி நின்ற ஒரு ஜீப்பில் திருப்புளியை ஊன்றிக் கடித்தார். கடகடகட. வாயை எடுத்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கடித்தார், இந்தத் தடவை தாடையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. சத்தம் இல்லை. கையை விட்டார். கடகடகட.

மெதுவாகப் பல்செட்டைக் கழற்றி, நட்டு போல்ட் போட்டுவைக்கும் தகர டப்பாவில் வைத்தார். இன்ஜினை இறக்கிவிட்டு நிற்கிற ஐந்து கார்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“இதுக்கு நெஜமாவே பேரிங் போச்சு,” என்றார் ஒன்றைத் தட்டி. பல் இல்லாததால் பேச்சு காற்றாக வந்தது. “மீதி நாலும்... அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.”

“கூட இதையும் சேத்துக்க பாய்,” என்றார் டிங்கர், டப்பாவைக் காட்டி. “இப்ப எறக்கி வச்சது ஆறு.”

பாய் அவரைக் கண்டுகொள்ளவில்லை. என் காரின் பானெட்டைத் திறந்தார். வெறும் ஈறால் திருப்புளியைக் கடிக்கப் பார்த்தார், பிடி வழுக்கியது. இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“உன் பல்லு எப்படி?”

“நல்லா இருக்குது பாய்.”

“காட்டு.”

காட்டினேன். சந்தையில் மாட்டுக்குப் பார்ப்பது போல விரலால் தட்டிப் பார்த்தார். “கடி,” என்று மரப்பிடியை என் வாயில் கொடுத்தார். “நான் முனைய வக்கிறேன். உனக்குள்ள இன்னா கேக்குதோ அத அப்படியே தொண்டையில போடு. என் கைக்குத் தெரியணும்.” இடது கையால் என் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். நான் ஃபேனுக்குள் போய்விடாமல் இருக்க டிங்கர் பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்ள, ஜீப்காரர் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தார்.

சாலை ஓரமாக ஒரு டவுன் பஸ் நின்றது. ஆள் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. டிரைவரும் எட்டிப் பார்த்தார்.

திருப்புளியைக் கடித்ததும் என் மண்டைக்குள் ஒரு தொழிற்சாலை திறந்தது. அவ்வளவு சத்தம் ஒரு சாதாரண காருக்குள் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பாய் என் தொண்டையை லேசாக அழுத்தினார். “போடு.”

முதலில் ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால் பஸ் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். இன்றைக்குப் போடாவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து தினமும், தெரியாத மனிதர்களைப் பார்த்துச் செஞ்சி, செஞ்சி என்று போட வேண்டும். ஒரு தடவை மானம் போவதா, தினமும் போவதா?

போட்டேன்.

இன்ஜின் உச்சியில் டேப்பட் மூடிமேல் முனை இருந்தது. “டிக்டிக்டிக்டிக்,” என்றேன்.

“நல்லது. அது அப்படித்தான் இருக்கணும்.” முனையை டைனமோவுக்கு மாற்றினார்.

“ஊஊஊஊம்.”

“இதுவும் சரி. இன்னும் சத்தமா குடுப்பா, பூனைக்குட்டியா நீ?”

“ஊஊஊஊஊம்.”

பஸ்ஸில் யாரோ கை தட்டினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அதற்குள் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இன்ஜின் சொல்வதைத் திருப்பிச் சொல்கிறேன், அவ்வளவுதானே. நானாக எதையும் யோசித்துப் பேச வேண்டியதில்லை. பாய் முனையை ஃபேனுக்குப் பின்னால் தண்ணி பம்ப் மேல் வைத்தார். என் பல் வேர்வரைக்கும் பழகிய பாட்டு வந்து இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

“கிர்ர்ர்ரீங்,” என்று அடித் தொண்டையிலிருந்து ஏறினேன். “சிக், சிக்.”

பாயின் கை என் தொண்டையில் அப்படியே நின்றது. “இன்னொரு தடவ.”

“கிர்ர்ர்ர்ரீங். சிக், சிக்.”

“தண்ணி பம்பு,” என்றார் பாய். “உள்ள பேரிங் காஞ்சி போச்சு. இதுக்கா நான் இன்ஜின எறக்கச் சொன்னேன்?” என் தொண்டையை விட்டுவிட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். “இத அன்னைக்கே போட்டிருந்தா நான் கடிச்சிருக்கவே வேணாமே.”

பதிலுக்கு நான் திருப்புளியை நீட்டினேன். கூட்டம் இருந்தது.

புதுப் பம்ப் வாங்கி மாட்ட இரண்டு மணி நேரம் ஆனது. பழையதை என் கையில் கொடுத்து அதன் அச்சை ஆட்டிப் பார்க்கச் சொன்னார் பாய். ஆடியது. கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, அதாவது டீக்கடை வரைக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, “பல்லு விஷயம் யார்கிட்டயும் சொல்லிக்கினு திரியாதப்பா,” என்றார். அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் விழுப்புரம் முழுக்கக் கிடையாது. தலையாட்டினேன்.

திண்டிவனம் வரைக்கும் கார் பஞ்சு போல ஓடியது. எனக்குத்தான் பாதி வழியில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. பழக்கத்தில் ஒரு தடவை நானே போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

நயினாரிடம், “தண்ணி பம்புதாங்க. மாத்தியாச்சு. இன்ஜின் எறக்க வேணாமாம்,” என்று மூன்று வாக்கியம் சொன்னேன். எனக்கு அது பெரிய பிரசங்கம். அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால், “வரச் சொல்லிட்டேனே. வந்து பாத்துட்டு அவருக்குப் பிடிச்சிருந்தா இல்லன்னு சொல்றது மொறயில்ல,” என்றார். அவர் சொன்ன சொல் மாறாதவர். அந்தக் குணம் எனக்கு அன்றைக்கு முதன்முறையாகப் பிடிக்கவில்லை. சத்தம் போட்ட காரை ஒருவேளை அந்த மனிதர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். இப்போது நானே போய் அதை வாங்கத் தகுந்ததாகப் பண்ணிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல் அவர் வந்தார். பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்த மாதிரி விடுதி நடத்துகிறவர். நல்ல உயரம், கலகலப்பான ஆள். கூட அவருடைய மச்சான். மச்சான்தான் இனிமேல் வண்டியை ஓட்டப்போகிறாராம். வந்ததும் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாய்ந்து பார்த்தார், ஏற்கெனவே தன்னுடையது போல. சாவியைக் கொடுத்தேன். கிளப்பினார். உறுமவிட்டார். இன்ஜின் தேன் மாதிரி ஓடியது, பாழாய்ப் போனது.

“வண்டி ஷோக்கா இருக்குதே நயினார். இத ஏன் குடுக்கறீங்க?” என்றார் விடுதிக்காரர்.

“ஒரு சத்தம் வந்துது,” என்றார் நயினார். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது.

“சத்தமா? எந்த மாதிரி?”

நயினார் வாயைத் திறந்தார். செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். என்னைக் கை காட்டினார். “அவனுக்குத்தான் நல்லாத் தெரியும். நீ சொல்லு.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மண்டி வாசலில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் நாலு பேரும் நிமிர்ந்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் நான் டீ குடிக்கப் போயிருப்பேன்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். காரின் முன்னால் போய் நின்று, கண்ணை மூடி, அடி வயிற்றிலிருந்து ஆரம்பித்தேன். கிர்ர்ர். கிர்ர்ர்ரீங். சிக், சிக். மேடு ஏறும்போது எப்படி வரும், இறக்கத்தில் எப்படி வரும், மூன்று பேர் ஏறினால் எப்படி வரும், ஒவ்வொன்றும் தனித்தனியாக. கூட்டேரிப்பட்டுச் சாலையில் தனியாகப் பாடியதையெல்லாம் ஒன்றுவிடாமல் போட்டேன். மூட்டை தைக்கிற அம்மா ஒருவர், “ஐயோ பாவம்,” என்றார், காரைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. மச்சான் சீட்டிலிருந்து மெதுவாக இறங்கினார்.

தண்ணி பம்ப் மாற்றியாகிவிட்டது, இப்போது அந்தச் சத்தம் வராது என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விடவில்லை. அதை மட்டும் என் வழக்கமான குரலில் சொன்னேன்.

விடுதிக்காரர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். “டூரிஸ்ட்டுங்களக் கூட்டிக்கினு போற வண்டி நயினார். இந்த மாதிரி சத்தம் போட்டா எறங்கி ஓடிடுவாங்க,” என்றார். மோர் கொண்டுவந்தார்கள். அவர் குடிக்கவில்லை. மச்சான் குடித்தார். வந்த டாக்ஸியிலேயே திரும்பிப் போனார்கள்.

 நயினார் மேற்கே பார்த்தார், பொழுது எவ்வளவு இருக்கிறது என்று. சாப்பாட்டுக்குக் கை கழுவத் தொட்டிப் பக்கம் போனவர், பாதியில் திரும்பினார்.

“பம்பு மாத்தினத அவருக்குச் சொன்னியா?”

“சொன்னேங்க.”

“பக்கத்துல நின்ன எனக்கே கேக்கல.”

நான் தரையைப் பார்த்தேன். தரையில் ஒரு மல்லாட்டைத் தோல் கிடந்தது.

“ஒரு தபால் கார்டு வாங்கி எழுதிப் போட்டுடு,” என்றார். “சத்தம் போச்சு, வண்டி நல்லா இருக்குதுன்னு. மறைச்சோம்னு இருக்கக் கூடாது.”

“இன்னைக்கேவாங்க?”

நயினார் சொம்பில் தண்ணீர் மொண்டு, ஒரு கையைக் கழுவினார். இன்னொரு கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். ஒவ்வொரு விரலாக.

“அடுத்த வாரம் போட்டா போதும்,” என்றார். “நாளைக்கு ஒலக்கூர் போகணும். ஆறு மணிக்கு வண்டிய எடு.”